எடை போட்டு வாங்கிய மோடம்

2002 ஜூன் 3, திங்கள்

கம்ப்யூட்டர் கடைத் தேவராஜ் விற்றது மோடமே அல்ல. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பச்சை நிறத்தில் ஓர் அட்டை. கம்ப்யூட்டரைத் திறந்து உள்ளே செருக வேண்டும். செருகினேன். லினக்ஸ் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சி.டி.யில் இருந்த ஆங்கிலக் குறிப்புகளை அகராதியை வைத்துக்கொண்டு காலையிலிருந்து படித்தேன். விஷயம் விளங்கிவிட்டது. கம்ப்யூட்டர் சொல்வதைச் சத்தமாக மாற்றி டெலிபோன் கம்பியில் அனுப்புவதுதான் மோடத்தின் வேலை. இந்த அட்டையில் பாதிக் கருவிதான் இருக்கிறது. மீதி வேலையை ஒரு நிரல் செய்ய வேண்டும். அந்த நிரலை விண்டோஸுக்கு மட்டும் எழுதியிருக்கிறார்கள். அடியில் குடைந்து ஈயத்தை எடுத்துவிட்ட எடைக்கற்களை நான் எத்தனையோ பிடித்திருக்கிறேன். மேலே பார்த்தால் ஒரு கிலோ என்றுதான் பொறித்திருக்கும். இதுவும் அந்த வகை.

சாயங்காலம் கடைக்குப் போனேன்.

"லினக்ஸுங்களா? அது காலேஜ் பசங்க பரீட்சைக்குப் படிக்கறதுங்க" என்றான் தேவராஜ். "பேசாம விண்டோஸ் போட்டுக்கங்க. நானே வந்து போட்டுத் தர்றேன்."

"முத்திரை இருக்கறதாப் போடுவியா?"

"என்ன முத்திரைங்க?"

"லைசென்ஸ்."

அவன் சிரித்தான். கடையில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். "ஏனுங்க, ரிட்டயர் ஆகியும் அந்தச் சீக்கு உங்களை விடலீங்களா?"

இந்தக் கம்ப்யூட்டர் வந்தபோது அதில் விண்டோஸ் இருந்தது. விற்றவனிடம் உரிமச் சீட்டு எங்கே என்று கேட்டேன். ஈரோட்டில் யாருமே அப்படிக் கேட்டதில்லை என்றான். முத்திரை இல்லாத கல்லைக் கண்டால் பறிமுதல் செய்வதற்குத்தான் சர்க்கார் எனக்குச் சம்பளம் கொடுத்தது. முத்திரை ஆய்வாளராக இருந்தவன் வீட்டில் திருட்டு நிரல் ஓட முடியாது. அன்றைக்கே அதை அழித்துவிட்டு, கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இனாமாக வந்த லினக்ஸைப் போட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. நானே போட்டேன்.

தேவராஜின் சிரிப்புக்குக் காரணம் உண்டு. அவன் அப்பா நாச்சிமுத்துவின் மஞ்சள் மண்டியிலிருந்து தராசையும் கல்லையும் ஜீப்பில் அள்ளிக்கொண்டு போனவன் நான். அப்போது அவன் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்று பார்த்தான். மறக்கவில்லை போலிருக்கிறது. நானும் மறக்கவில்லை.

ஜூன் 4, செவ்வாய்

எதற்காக மோடம் என்பதையும் எழுதிவைக்கிறேன். பிறகு யாரும் மாற்றிச் சொல்லக்கூடாது.

போன வாரம் என் தங்கை மகன் மோகன் ஒரு தாளைக் கொண்டுவந்தான். திருப்பூரில் பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் இருக்கிறான். அவனுடைய ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு மெல்போர்னிலிருந்து என் மகள் சுகந்தி எழுதியிருக்கிறாள். எனக்கு அல்ல, அவனுக்கு. "அம்மாவோட முதல் வருஷத் திதிக்கு நான் வரலாமான்னு அப்பாகிட்டக் கேளு. அவர் வாயால வான்னு சொன்னாத்தான் வருவேன். ஜூலை அஞ்சு வரைக்கும் டிக்கெட்டைப் பிடிச்சு வெச்சிருக்கேன்."

போன வருஷம் கமலவேணி போனபோது உடலை ஐஸ் பெட்டியில் வைத்து நாள் கணக்கில் ஊருக்குக் காட்ட நான் சம்மதிக்கவில்லை. மறுநாள் காரியத்தை முடித்தேன். சுகந்தி வந்து சேர்ந்தபோது சாம்பல் இருந்தது. முகத்தைக்கூடப் பார்க்க விடலியேப்பா என்று கூடத்தில் நின்று கத்தினாள். நானும் கத்தினேன். இனி நீ போன் பண்ணினாலும் நான் எடுக்க மாட்டேன் என்று சொன்னேன். சொன்னது சொன்னதுதான்.

ஆகவே போன் கிடையாது. தபால் எழுதலாம் என்றால் அவள் வீடு மாறிவிட்டாள், புது முகவரி எனக்குத் தெரியாது. மோகனிடம் கேட்கவும் மாட்டேன். தாளில் அவளுடைய மெயில் முகவரி அச்சாகியிருந்தது. அது போதும்.

"மாமா, ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் அடிச்சு அனுப்பிச்சுடறேன்" என்றான் மோகன்.

"என் பதிலை நீ எதுக்கு அடிக்கணும்?"

"அப்ப பிரவுசிங் சென்டருக்கு வாங்க. நீங்களே அடிங்க."

"பக்கத்து நாற்காலிக்காரன் எட்டிப் பார்ப்பான்."

"சரி, என்னதான் பதிலு? வரச் சொல்லப் போறீங்களா, இல்லையா?"

பதில் போகும்போது தெரியும் என்றேன்.

கிழக்கு அறையில் ஃபேன் ஓடவில்லை. எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லியிருக்கிறேன். ஓடாத ஃபேன் வீட்டில் தொங்குவது எனக்குப் பிடிக்காது.

ஜூன் 8, சனி

மறுபடி தேவராஜ் கடை. வேறு கடைகளில் லினக்ஸ் என்ற பெயரைக் கேட்டதுமே இல்லை என்கிறார்கள். இவனாவது சண்டை போடுகிறான்.

உள்ளே செருகும் அட்டை வேண்டாம், வெளியே வைக்கும் பெட்டி கொடு என்றேன். அழகான நீலப் பெட்டியை எடுத்து வைத்தான். யு.எஸ்.பி. கம்பியில் செருகுவது. தனியாகக் கரண்ட்கூட வேண்டாமாம்.

"இது லினக்ஸில் ஓடுமா?"

"ஓடுமுங்க. ஓடலீன்னா நீங்க விட்டுருவீங்களா?"

பழைய அட்டையைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்போது அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், நான் கீறியிருப்பேன் என்பதுபோல. ஊரை ஏமாற்றுகிறவனுக்கு எல்லோர் மேலும் சந்தேகம்.

ஜூன் 9, ஞாயிறு

ஓடவில்லை. நீலப் பெட்டியும் குடைந்த கல்தான்.

ஜூன் 11, செவ்வாய்

இரண்டு நாளாகக் குறிப்புகளைப் படித்ததில் ஒரு முடிவுக்கு வந்தேன். பெட்டியின் மேல் எழுதியிருப்பதை நம்பக்கூடாது. முழு மோடத்தில் வேலை செய்யும் சில்லுகள் எல்லாம் உள்ளேயே இருக்கும். அதற்குத் தனியாகக் கரண்ட் வேண்டும். கம்ப்யூட்டரின் பின்னால் இருக்கும் பழைய சீரியல் துளையில்தான் செருகும். அப்படியானால் அது கனமாகவும் இருக்க வேண்டும். என் கைத்தராசை எடுத்துத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

தேவராஜ் கடை மேஜையில் தராசைப் பிடித்ததும் அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"ஏனுங்க, இங்க என்ன வெல்லமா விக்கறோம்?"

"வெளியே இருக்கற மோடம் எல்லாத்தையும் எடு."

எடுத்தான். ஒவ்வொன்றாக நிறுத்தேன். கடைக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒரு ஆள், "மோடம் கிலோ என்ன விலைங்க?" என்று தேவராஜிடம் கேட்டான். யாருமே சிரிப்பை அடக்கவில்லை. எல்லாம் இலேசு. எல்லாம் வெறும் ஓடு.

"அவ்வளவுதானா?"

"கனமாத்தான் வேணுமுன்னா..." என்று தேவராஜ் உள்ளே போய், தூசி படிந்த கறுப்புப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து தட்டில் தொப்பென்று போட்டான். தராசு சாய்ந்தது. முன்பக்கம் வரிசையாக விளக்குகள். பின்பக்கம் சீரியல் துளை. அடியில் சின்னச் சின்னப் பற்கள் போல ஸ்விட்சுகள். "ஒரு பேங்குல கழிச்சுப் போட்டதுங்க. அங்க ராத்திரியெல்லாம் ஹெட் ஆபீஸ் கூப்புட்டா இதுவே எடுத்துக் கணக்குச் சொல்லிட்டிருந்துச்சு. ஆளே வேண்டியதில்லை. புஸ்தகம் கிஸ்தகம் ஒண்ணும் கிடையாது, பாத்துக்கங்க."

"எனக்குப் புஸ்தகம் வேண்டாம்."

"எடுத்துட்டுப் போங்க. எங்கப்பன் தராசைத் தூக்கிட்டுப் போனீங்க, நான் மோடம் குடுத்தேன். கணக்குத் தீந்துது. இனி இந்தப் பக்கம் வராதீங்க."

"சரியில்லேன்னா வருவேன்" என்றேன்.

ஜூன் 12, புதன்

ஓடுகிறது.

முதல் மோடம் ஊமை, இரண்டாவது ஊமை. இதற்கு மட்டும் ஏ.டி. என்று அடித்தால் ஓ.கே. என்று பதில் சொல்கிறது. திரும்பத் திரும்ப அடித்தேன். திரும்பத் திரும்ப ஓ.கே. இந்த வீட்டில் யாரும் எனக்கு இவ்வளவு பணிவாகப் பதில் சொன்னதில்லை.

முன்னால் இருக்கும் விளக்குகளில் ஏ.ஏ. என்று எழுதிய ஒன்று எப்போதும் சிவப்பாக எரிகிறது. உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம் போலும். நல்லது. எரியட்டும். போனும் மோடமும் ஒரே லைனில் இருக்கும்படி இணைத்துவிட்டேன்.

ஃபேன் சரியாகிவிட்டது. இரண்டில் வைத்தால் கொஞ்சம் சத்தம் வருகிறது. மூன்றில் வருவதில்லை. சுகந்தி எப்போதும் மூன்றில்தான் வைப்பாள். சும்மா நினைவுக்கு வந்தது.

ஜூன் 13, வியாழன்

இன்டர்நெட் கம்பெனியின் நம்பரைக் கொடுத்து டயல் செய்யச் சொன்னால் மோடம் மறுக்கிறது. டயல் டோன் இல்லை என்கிறது. நான் போனை எடுத்துக் கேட்டால் டோன் வருகிறது. கம்பியை மாற்றினேன். மறுபடி இல்லை என்கிறது. கோளாறு டெலிபோன் ஆபீஸ் லைனில்தான். மோடத்தில் குறையில்லை. அதை நிறுத்துப் பார்த்து வாங்கியிருக்கிறேன்.

புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். கவுண்டரில் இருந்த அம்மாள், "போன்ல பேச முடியுதுங்களா?" என்று கேட்டாள். முடிகிறது என்றேன். "அப்பறம் என்ன சார் கம்ப்ளைன்ட்?" மேலதிகாரிக்கு ஒரு நகல் கொடுத்தேன்.

ஜூன் 17, திங்கள்

இன்று ஓர் அதிசயம். மூன்றரை மணிக் காபியை ஆற்றிக்கொண்டிருந்தபோது போன் ஒரே ஒரு முறை அடித்து நின்றது. உடனே மோடம் தானாகக் கத்த ஆரம்பித்தது. தீட்டுக்கல்லில் கத்தியை இழுப்பதுபோல ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கத்திவிட்டு அடங்கிவிட்டது. லைனில் எங்கோ மின்சாரம் கசிகிறது.

ஜூன் 18, செவ்வாய்

காபி நேரத்தில் மறுபடி. புகாருக்கு நினைவூட்டல் அனுப்பினேன்.

ஜூன் 20, வியாழன்

லைன்மேன் வந்தார். அருள்தாஸ் என்று பெயர். கம்பத்தில் ஏறினார், இறங்கினார், கைக்கருவியைப் போட்டுக் கேட்டார்.

"லைன் சுத்தமா இருக்குது சார்."

"தினமும் காபி நேரத்துல ஒரு தடவை மணி அடிச்சு மிஷின் தானாக் கத்துது. அது எப்படிச் சுத்தம்?"

அவர் மோடத்தைப் பார்த்தார். "சார், மொதல்ல இந்த டப்பாவைக் கழட்டி வெச்சுட்டு ரெண்டு நாள் பாருங்க."

"உங்க லைன் கோளாறுக்கு என் கருவியைக் கழட்டச் சொல்றீங்களா?"

"இல்லீங்க சார், யாராச்சும் உங்களைக் கூப்புடறாங்களோ என்னமோ."

"என்னை யாரும் கூப்பிடறதில்லை."

அவர் ஒரு மாதிரியாக என்னைப் பார்த்தார். வந்து பார்த்ததற்குக் கையெழுத்துக் கேட்டார். கோளாறு சரிசெய்யப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முணுமுணுத்துக்கொண்டே போனார். காபி கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். கேட்கவில்லை.

ஜூன் 22, சனி

மெத்தைக் கடைக்காரன் வந்து கிழக்கு அறை மெத்தையைப் பிரித்துப் பஞ்சை அடித்துத் தைத்துக் கொடுத்தான். மழைக்காலத்துக்கு முன்னால் செய்துவிடுவது நல்லது. மழை வர நாள் இருக்கிறது, அது வேறு விஷயம்.

மோடம் இன்றும் டயல் டோன் இல்லை என்கிறது. காபி நேரத்தில் கத்தியது.

ஜூன் 24, திங்கள்

சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. லைன் கோளாறு நேரம் பார்த்து வராது. ஆள்தான் நேரம் பார்த்துச் செய்வான். இது தேவராஜ்.

என் போன் நம்பர் அவன் ரசீதில் இருக்கிறது. மத்தியானச் சாப்பாடு முடிந்து கடையில் ஈ ஓட்டும் நேரம் அது. நம்பரைப் போட்டு மணி அடிக்கவிட்டு என் மோடத்தைக் குழப்புகிறான். அதனால்தான் அது டயல் செய்ய மாட்டேன் என்கிறது. அப்பன் கல்லில் விளையாடினான், மகன் கம்பியில் விளையாடுகிறான். போலீசில் எழுதிக் கொடுக்கலாம். சாட்சி வேண்டும். முதலில் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

ஜூன் 25, செவ்வாய்

போனுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். அடிக்கவில்லை. உளவு வைத்திருக்கிறான்.

ஜூன் 28, வெள்ளி

திதிக்குச் சாமான் சொல்லிவிட்டேன். ஐயர் ஜூலை கடைசி வாரம் என்று நாள் குறித்துக் கொடுத்தார். "பொண்ணு வருதுங்களா?" என்று கேட்டார். இவருக்கு எதற்கு? எத்தனை இலை போட வேண்டும் என்பதற்காகக் கேட்டாராம். ஒன்று கூட்டியே போடச் சொன்னேன். மிஞ்சினால் மிஞ்சட்டும்.

கமலவேணியின் பீரோவைத் திறந்து காற்றாட வைத்தேன். அந்துருண்டை வாசனை. மூடிவிட்டேன்.

ஜூலை 1, திங்கள்

இன்று பிடித்தேன்.

மூன்றரை மணி. நாற்காலியில் இருந்தேன். மணி ஒரு முறை அடித்தது, மோடம் எடுத்துக்கொண்டு கத்த ஆரம்பித்தது. நான் ரிசீவரைத் தூக்கினேன். காதே கிழிந்துவிடும்போல இருந்தது. அதற்கு மேலே நான் கத்தினேன்.

"வெக்கமில்லையா உனக்கு? தினம் இதே பொழப்பா? இனி ஒரு தரம் இந்த வீட்டுக்குப் போன் பண்ணினா நடக்கறதே வேற! வை போனை!"

மோடத்தின் சத்தத்துக்கு அடியில், ரொம்பத் தொலைவில், ஒரு குரல் ஏதோ சொன்னது. பிறகு வைத்துவிட்டார்கள்.

நல்ல பாடம்.

மாலை

தேவராஜுக்கு அப்படிப்பட்ட குரல் கிடையாது. அவன் குரல் கட்டை.

கடையில் வேலை செய்யும் பெண் யாரையாவது பேசச் சொல்லியிருப்பான்.

அவன் கடையில் பெண்கள் யாரும் வேலை செய்யவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

மோகன் லீவு போட்டுவிட்டுத் திருப்பூரிலிருந்து வந்தான். செருப்பைக்கூட சரியாகக் கழற்றவில்லை. ஒரு தாளை என் மடியில் போட்டான்.

"படிங்க மாமா."

கண்ணாடி எங்கே என்று தேடினேன்.

"தேட வேண்டாம், நானே சொல்றேன். பதினேழாந்தேதியிலிருந்து அவ உங்களுக்குப் போன் பண்ணியிருக்கா. அங்க ராத்திரிச் சாப்பாடு முடிச்சுட்டு, நீங்க காபி குடிக்கிற நேரம் பாத்து. நீங்க மெயில் அனுப்ப மிஷினோட மல்லுக்கட்டிட்டு இருக்கீங்கன்னு நான்தான் எழுதினேன். அதைக் கேட்டு மனசு இளகி, அவளே பேசலாம்னு பண்ணியிருக்கா. பண்ணினா என்ன வருது? கொய்ங்னு ஒரு ஊளை. ஒரு நாள் இல்லே, ரெண்டு நாள் இல்லே."

தாளை நாலாக மடித்தேன்.

"அப்பா என் போனை எடுக்க மாட்டேன்னு சொன்னார், இப்ப என்மேல கத்தறதுக்குன்னு ஒரு மிஷினையே வாங்கி வெச்சுட்டார்னு எழுதியிருக்கா. அதையும் தாங்கிட்டு நேத்து கடைசியா ஒரு தரம் பண்ணியிருக்கா. நேத்து மிஷினோட சேந்து நீங்களும் கத்தினீங்களாமா?"

"கத்தினது மோடம்."

"வை போனைன்னு சொன்னதும் மோடமா?"

"அது தேவராஜுன்னு நெனச்சேன்."

"எந்தத் தேவராஜு?"

சொன்னேன். மோகன் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து, அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியாத ஒரு முகத்தோடு நிமிர்ந்தான்.

"டிக்கெட்டை வேண்டாம்னு சொல்லப் போறா. வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் டைம். வாங்க, பூத்துக்குப் போலாம். நான் நம்பர் போட்டுத் தர்றேன். நீங்க வான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"நான் போன்ல பேச மாட்டேன்னு சொல்லியிருக்கேன்."

"யார்கிட்ட சொல்லியிருக்கீங்க? அவகிட்டத்தானே? அவளே பேசுங்கன்னு கேக்கறா!"

"மெயில் போகும்."

"எப்ப? திதி முடிஞ்சா?" எழுந்து செருப்பைத் தேடினான். "அத்தை எப்படித்தான் உங்களோட குடும்பம் நடத்துச்சோ" என்று வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனான்.

வைத்த சாம்பார் அப்படியே இருக்கிறது.

ஜூலை 3, புதன்

ஏ.ஏ. என்றால் என்ன என்று குறிப்பில் பார்த்தேன். ஆட்டோ ஆன்சர். வருகிற அழைப்பை ஆள் இல்லாமலே எடுத்துப் பதில் சொல்வது. பேங்கில் அப்படி வைத்திருந்திருக்கிறார்கள். அடியில் இருக்கும் ஸ்விட்சுகளில் ஒன்றைக் கீழே தள்ளினால் போதும்.

தள்ளினேன். சிவப்பு விளக்கு அணைந்தது.

தேவராஜ் வாங்கும்போதே சொன்னான், எடுத்துக் கணக்குச் சொல்லும் என்று. இன்னும் விளக்கமாகச் சொல்லியிருக்க வேண்டும்.

ஜூலை 4, வியாழன்

விடிந்ததிலிருந்து மோடத்தோடுதான். குளிக்கவில்லை. பால்காரன் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டுப் பாலைத் திண்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். பூனை குடித்துவிட்டது.

பத்து மணிக்கு மேல் விடை கிடைத்தது. இது வெளிநாட்டு மோடம். அதன் ஊரில் டயல் டோன் ஒரு மாதிரி ஒலிக்கும். நம் எக்ஸ்சேஞ்சின் டோன் வேறு மாதிரி. தன் ஊர் டோன் கேட்டால்தான் பேசுவேன் என்று இத்தனை நாளாக இது லைனில் காதை வைத்துக் காத்துக்கொண்டே இருந்திருக்கிறது. எதிர்முனை முதலில் சரியான முறையில் அழைக்க வேண்டும் என்று ஓர் எண்ணம். அதற்கு மருந்து ஒரு சின்னக் கட்டளை. எக்ஸ் 3. டோனுக்குக் காத்திராதே, நீயாகவே டயல் செய் என்று அர்த்தம்.

எவ்வளவு முட்டாள் கருவி. எதிரில் டோன் வந்துகொண்டுதான் இருந்தது.

கட்டளையை அடித்தேன். டயல் செய்தது. கத்தியது. எதிர்முனையும் கத்தியது. இரண்டும் மாறி மாறிக் கத்திப் பிறகு ஒரேயடியாக அடங்கின. இணைந்துவிட்டது.

மெயிலை ஏற்கனவே எழுதி வைத்திருந்தேன். லினக்ஸில் தமிழ் எழுத்து சரியாக வரவில்லை. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவது எனக்கு ஆகாது. அதனால் தலைமை அலுவலகத்துக்கு எழுதுவது போல ஆங்கிலத்திலேயே எழுதினேன். நகல் இருக்க வேண்டும் என்பதால் அதன் சாரத்தை இங்கே தமிழில் எழுதிக்கொள்கிறேன்:

பொருள்: திதிக்கு வருவது தொடர்பாக. பார்வை: மோகனுக்கு நீ எழுதிய மெயில்கள்.

ஒன்று. சத்தம் போட்டது மோடம். அது பேங்கிலிருந்து வந்தது. உனக்காக வைத்தது அல்ல. இப்போது நிறுத்தப்பட்டுவிட்டது.

இரண்டு. திங்கட்கிழமை பேசிய வார்த்தைகள் தேவராஜ் என்பவனை நோக்கியவை. உனக்குப் பொருந்தாது.

மூன்று. கிழக்கு அறை ஃபேன் சரிசெய்யப்பட்டது. மெத்தை தைக்கப்பட்டது.

நான்கு. வரவும்.

அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினேன். போய்விட்டது. இணைப்பைத் துண்டித்தேன். பிறகு வந்து பார்த்தால் ஐந்தாவதாக ஏதாவது எழுதியிருக்கலாமோ என்று தோன்றியது. என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

ஜூலை 5, வெள்ளி, காலை

பதில் வந்திருக்கிறதா என்று இணைத்துப் பார்த்தேன். இல்லை. காலைச் சாப்பாட்டுக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை பார்த்தேன். மோடம் நன்றாக வேலை செய்கிறதா என்று சோதிக்க வேண்டுமல்லவா?

பிறகுதான் உறைத்தது. மோடம் லைனில் இருக்கும்போது யாராவது கூப்பிட்டால் எங்கேஜ்டு என்றுதான் வரும். உடனே மோடத்தின் ஸ்விட்சை அணைத்து, சுவரிலிருந்தும் பிடுங்கிவிட்டேன். மின்சாரம் வீணாக வேண்டாம்.

நாற்காலி போனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கேதான் வெளிச்சம் நன்றாக வருகிறது, பேப்பர் படிக்க.

மதியம்

மூன்றரை ஆயிற்று. அடிக்கவில்லை. காபி போடவில்லை.

மெல்போர்னில் இந்நேரம் எட்டுக்கு மேல் ஆகியிருக்கும். டிக்கெட் ஆபீஸெல்லாம் மூடியிருப்பார்கள்.

சாயங்காலம்

ஐந்தே காலுக்கு அடித்தது.

ஒரு மணி அடித்தது. யாரும் கத்தவில்லை. இரண்டாவது மணி முழுதாக முடியுமுன் எடுத்துவிட்டேன். நாற்காலி அங்கே இருந்ததால்தான். எழுந்து போக வேண்டியிருந்தால் எடுத்திருக்க மாட்டேன்.

"யாரு?" என்றேன்.

"வரவும்னு யாருப்பா பொண்ணுக்கு எழுதுவாங்க?" என்றாள் சுகந்தி. "ஆபீஸ் சுற்றறிக்கையா அது?"

"நாலு பாயிண்டும் தெளிவாத்தானே இருந்தது?"

"தெளிவா இருந்துச்சு. இன்னிக்கு வேலை முடிஞ்சு வர நேரமாயிருச்சு, இப்பத்தான் பாத்தேன். டிக்கெட்டை வேண்டாம்னு சொல்லலே. இருபத்தி ரெண்டாந்தேதி கோயமுத்தூர்ல எறங்கறேன். மோகன் வந்து கூட்டிட்டு வருவான். நீங்க அலைய வேண்டாம்."

நான் வருவேன் என்றேன். மோகனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்றேன். அவனுக்கு நன்றாகத் தெரியும். பிறகு வெளிநாட்டு அழைப்பில் ஊர்க்கதை பேசுவது தேவையில்லாத செலவு என்றும், என்ன விமானம் என்று மட்டும் சொல்லும்படியும் சொன்னேன். சொன்னாள். மறுபடி கேட்க வேண்டியிருந்தது. அதையும் சொன்னாள்.

விமான நம்பரைப் பேப்பர் ஓரத்தில் எழுதிக்கொண்டேன். எழுதியது நனைந்து பரவிவிட்டது, மட்டமான மை.

"அப்பா, உங்க பக்கம் என்னமோ சத்தம் கேக்குது. என்ன சத்தம்ப்பா அது?"

"மோடம்" என்றேன்.

"சரிப்பா" என்றாள். வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

மோடத்தை நான் காலையிலேயே பிடுங்கி வைத்திருந்தேன்.